மைக்செட்காரர் குருவி கேட்கப் போனது

எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் செய்வது கைதட்டுவது. ஒரே ஒரு தட்டு. தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். சத்தம் சுவரில் மோதித் திரும்பி வருகிறதா, இல்லை சமையல்கட்டுப் பக்கம் ஓடிப்போய்விடுகிறதா என்று பார்க்கிறாராம். முதல் தடவை பார்க்கிற கல்யாண வீட்டுக்காரர்கள் மிரண்டுபோய் என்னிடம் வருவார்கள்.

"யாருங்க அவரு, வந்ததும் வராததுமா கை தட்டறாரு?"

"மைக்செட்டுங்க."

"அதுக்கு?"

அதற்கு நான் என்ன சொல்வது? நான் ஒன்றும் அவருடைய ஆள் இல்லை. என்னிடம் ஒரு குட்டியானை வண்டி இருந்தது, அவ்வளவுதான். காரிமங்கலத்தைச் சுற்றி எங்கே விசேஷம் என்றாலும் அவருடைய ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிஃபையர், ஜெனரேட்டர் எல்லாம் என் வண்டியில்தான் ஏறும். ஏற்றி, இறக்கி, கட்டி, அவிழ்த்து வருசக்கணக்கில் பழகிப்போய், அவர் வீட்டு அடுப்படி வரைக்கும் போய் அண்ணியிடம் தண்ணீர் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாளைக்குப் பரீட்சை என்றால் எனக்கு இன்றைக்கே காய்ச்சல் வந்துவிடும். அப்படியே நின்றுபோனது படிப்பு. பயம் மட்டும் நிற்கவில்லை. தொப்பூர் இறக்கத்தில் முன்னால் லாரி போனால் அதன் பிரேக் பிடிக்குமா என்று நான் கவலைப்படுவேன். பின்னால் லாரி வந்தால் அதற்கும் படுவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டே, "ரெண்டு பக்கமும் லாரி இல்லாதப்ப என்னடா நெனப்ப?" என்பார். "ஏன் ஒரு லாரியும் வரல, மேல ஏதாச்சும் ஆக்சிடெண்டான்னு நெனப்பேண்ணா" என்பேன். உண்மை அதுதான்.

அவர் அப்படி இல்லை. அவருக்கு எதுவானாலும் ஒரு தடவை செய்து பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் தீர்ந்தது, பிறகு யார் தடுத்தாலும் நிற்க மாட்டார். "ஒரு தடவ செஞ்சு பாத்துடலாம் தம்பி." இதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. மகன் கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண் வீட்டாரையெல்லாம் மண்டப வாசலில் நிற்க வைத்து, பன்னீர் தெளிக்கிற பெண் எந்தக் கையால் தெளிக்க வேண்டும் என்பதுவரை ஒத்திகை பார்த்தார். மாப்பிள்ளை தாலி கட்டுவது ஒன்றுதான் பாக்கி. அதையும் ஒரு மஞ்சள் கயிற்றை வைத்து ஸ்பீக்கர் ஸ்டாண்டில் கட்டிப் பார்க்கச் சொன்னார். அண்ணி வந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

சேலத்தில் காது டாக்டரைப் பார்க்கப் போனதும் அப்படித்தான். முந்தின நாளே என்னைக் கூட்டிக்கொண்டு போய், எந்த மாடி, எங்கே உட்காருவது என்று பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சின்னச் சின்னச் சத்தமாக விட்டார்கள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தூக்கினார், தூக்கினார். அப்புறம் ரொம்ப நேரம் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, சத்தம் விடுகிற பெண்ணின் முகத்தையே பார்த்தார். மிஷின் நின்றுவிட்டது என்று நினைத்தாராம்.

மிஷின் நிற்கவில்லை. ஆயுசு பூராவும் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்த காது. விசில் மாதிரி மேலே போகிற சத்தம் முக்கால்வாசி போய்விட்டது, மீதியும் வருசா வருசம் போய்க்கொண்டே இருக்கும் என்றார் டாக்டர். காதில் மிஷின் வைத்தால் பேச்சு கேட்கும் என்றார்.

"குருவி கேக்குங்களா?" என்றார் இவர்.

"என்ன குருவி?"

"விசிலடிக்கற குருவிங்க. காட்டுல."

டாக்டர் சிரித்துவிட்டு, "கேக்கணும்னா சீக்கிரமா கேட்டுக்குங்க. தள்ளிப்போட்டா நான் சொல்ல முடியாது" என்றார்.

அந்தக் குருவியின் கதை எனக்கு முன்பே தெரியும். நான் வருவதற்கு முந்தி நடந்தது. நம் பக்கத்து ஆட்கள் சிலர் கர்நாடகத்துக் கடலோரத்தில், ஹொன்னாவரம் பக்கம், பேக்கரி வைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு இங்கேயிருந்தே மைக்செட் போயிருக்கிறது. அங்கே மலைக்காடு கடலைப் பார்க்க இறங்கி வந்து ஊருக்குப் பின்னாலேயே நிற்குமாம். விடிகிற நேரம், மழை. இவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாதஸ்வரத்துக்கு வைத்த மைக்கைத் திறந்து பார்க்கிறார். யாரோ விசிலடிக்கிறார்கள். ஒரு பாட்டை எடுத்து, நன்றாகக் கொண்டுபோய், பாதியில் மறந்துபோனதுபோல் விட்டுவிட்டு, வேறு பாட்டை எடுக்கிற மாதிரி. கோஷ்டியில் எவனோ விளையாடுகிறான் என்று நினைத்து இவர் மைக்கிலேயே, "யாருப்பா அது விசிலடிக்கறது? வேல நடக்குது இல்ல?" என்று அதட்டியிருக்கிறார். மண்டபமே சிரித்திருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் ஓடைப் பாறையில் உட்கார்ந்து பாடிய குருவியாம் அது. இவர் போய்ப் பார்ப்பதற்குள் பறந்துவிட்டதாம். சீகாரப் பூங்குருவி என்று அதற்குப் பேர் உண்டு என்பதெல்லாம் ரொம்பப் பின்னால், ஒரு கல்யாண போட்டோக்காரர் போனில் தேடிச் சொன்னது.

"என் மைக்குல எத்தன பேரு பாடியிருப்பாங்க? அவ்ளோ சுத்தமா ஒருத்தரும் பாடல" என்பார். சொல்லும்போது அவருக்கு யாரையும் குறை சொல்கிற எண்ணம் இருக்காது. நடந்ததைச் சொல்வார்.

காது மிஷின் வாங்காமலே சேலத்திலிருந்து திரும்பி வரும்போது, வண்டியிலேயே முடிவு செய்துவிட்டார்.

"போயி கேட்டுட்டு வந்துடலாம். நீயும் வர்ற."

"நான் எதுக்குண்ணா?"

"எந்தப் பக்கம் கத்துதுன்னு காட்ட ஒரு நல்ல காது வேணாமா?"

எனக்கு அன்று இரவு தூக்கம் போனது. காட்டில் பாம்பு இருக்கும். அட்டை இருக்கும். மலை சரியும். பாஷை தெரியாத ஊரில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? அண்ணியோ வேறு மாதிரி பேசினார். "இங்க கத்துன குருவியெல்லாம் ஹாரன் கட்டி ஓட்டியாச்சு. இப்ப காசக் கொட்டி அங்க போயி கேக்கப் போறாராம்."

"ஏற்காட்டுலயே அந்தக் குருவி இருக்குதாம்" என்றேன் நான், தப்பிக்கிற வழி பார்த்து. உடனே ஏற்காடு போனோம். ஏரிக்கரையில் எவனோ பெட்டி வைத்து சினிமாப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தான். மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "பேஸ் ஜாஸ்தியா வெச்சிருக்கான்" என்றார். திரும்பிவிட்டோம்.

பிறகு ஒத்திகை தொடங்கியது. ஓசூரில் ஒரு பைனாகுலர் வாங்கினார். காட்டில் சத்தம் போடாமல் நடக்கப் பழக வேண்டும் என்று பங்குனி வெயிலில் வத்தல்மலை அடிவாரத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். நான் சருகில் கால் வைத்தால் திரும்பி முறைப்பார். அவருக்குச் சருகுச் சத்தம் கேட்காது, நான் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் முறைப்பார். ஒரு மைனா, ரெண்டு பஞ்சுருட்டான், தூரத்தில் ஒரு மயில். அதற்குள் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அரிவாளோடு வரப்பில் ஏறி வந்துவிட்டார்.

"ஏங்க, ரோட்டுக்கு அளக்க வந்திருக்கீங்களா?"

"இல்லீங்கம்மா. குருவி பாக்க வந்தோம்."

"குருவியா? போன தடவ வந்தவனும் சும்மா மண்ணு பாக்கறேன்னுதான் சொன்னான். கல்ல நட்டுட்டுப் போயிட்டான். ஏய், எல்லாம் வாங்கடா இங்க!"

மாந்தோப்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். "போயிடலாம்ணா" என்று அவர் சட்டையை இழுத்தேன். அவர் அந்த அம்மா சொன்னதில் பாதிதான் காதில் வாங்கியிருப்பார். பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி, "நீங்களே பாருங்கம்மா, இதுல அளக்க முடியுதான்னு" என்று நீட்டினார். அந்த அம்மா சந்தேகத்தோடு கண்ணில் வைத்தார்.

"ஐயோ, எங்க மாடு மூஞ்சிகிட்ட வந்துடுச்சு!"

"வேற பக்கமா திருப்பிப் பாருங்க."

திருப்பினார். அப்படியே மேட்டுப் பக்கம் கொண்டுபோனார். அப்புறம் ஒரு கத்து கத்தினார் பாருங்கள். "டேய், மேட்டு நெலத்துல எவனோ நம்ம புளி உலுக்கறான்டா!" மூன்று பேரும் அந்தப் பக்கம் ஓடினார்கள், பின்னாலேயே அந்த அம்மாவும். போகிற வேகத்தில் பைனாகுலரைக் கொடுக்க மறந்து, பாதி வரப்பிலிருந்து திரும்பி வந்து கொடுத்துவிட்டு ஓடினார். இவர் அதைத் துணியால் துடைத்துக்கொண்டே, "நல்லா தெரியுது போல" என்றார்.

மழைக்கும் ஒத்திகை பார்த்தோம். நம் ஊரில் சித்திரையில் மழைக்கு எங்கே போவது? வண்டி கழுவுகிற வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போய், ரெண்டு பேரும் ரெயின்கோட்டு மாட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்று, குழாயை எங்கள் மேல் அடிக்கச் சொன்னார். கடைக்காரர், "பைத்தியமாண்ணா நீங்க?" என்று சிரித்துக்கொண்டே அடித்தார். என் கோட்டுக் கழுத்தில் ஒழுகியது. அதை அன்றே மாற்றினோம்.

இவ்வளவு ஒத்திகை பார்த்தவர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அந்தக் கல்யாணம் எந்த மாசம் என்று அவருக்கு நினைவில்லை. மழை பெய்தது நினைவிருந்தது. மழை என்றால் ஐப்பசிதானே? தர்மபுரிக்காரனுக்கு வேறு எந்த மாசம் தோன்றும்? ஐப்பசிக்கென்று எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அந்தப் பேக்கரிக்காரர்கள் சொல்லி, காட்டோரத்தில் ஒரு பாக்குத் தோட்டக்காரர் வீட்டில் அறை. ஆனி மாசம் ஒருநாள், எதற்கும் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று அந்தத் தோட்டக்காரருக்குப் போன் போட்டார். இவர் பேசுகிற கன்னடம் மாட்டுச் சந்தையில் கற்றது. காது கேட்காததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார், அதனால் நானும் கேட்டேன்.

தோட்டக்காரர் சிரித்தார். ஐப்பசியில் மழை ஓய்ந்துவிடும், குருவியும் வாயை மூடிவிடும் என்றார். அது பாடுவது மழை பிடித்து ஊற்றுகிற ஆடியில்தான். ஆனால், "ஆக பரபேடி" என்றார். அப்போது வராதீர்கள். "மளெ ஜாஸ்தி."

"மளெ பேக்கு சுவாமி" என்றார் இவர். எங்களுக்கு மழைதான் வேண்டும்.

போனை வைத்ததும் அண்ணி உள்ளேயிருந்து, "அந்தக் கல்யாணம் கடைசி வைகாசி முகூர்த்தம். என்னைக் கேட்டா சொல்லியிருப்பேன் இல்ல?" என்றார். கேட்டிருந்தால் வைகாசியிலேயே போயிருக்கலாம். வைகாசி போய்விட்டிருந்தது. மிச்சம் இருந்தது ஆடி.

ஆடி என்றால் மைக்செட்காரனுக்கு என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மாசம் முழுக்க மாரியம்மன் பண்டிகை. கூழ் ஊற்றுகிற இடமெல்லாம் ஹாரன் கட்ட வேண்டும். விடிவதற்கு முன் அம்மன் பாட்டு போடாவிட்டால் ஊருக்கு விடிந்ததே தெரியாது. ஆடியில் ஊரில் இல்லாத மைக்செட்காரனும், கல்யாணத்தன்று ஊரில் இல்லாத மாப்பிள்ளையும் ஒன்று. நான் நிம்மதியாகிவிட்டேன், இதோடு முடிந்தது என்று.

அவர் மறுநாள் காலையில் தர்மகர்த்தா வீட்டுக்குப் போனார். நான்தான் வண்டி ஓட்டினேன்.

"என்னாங்க வெளையாடறீங்களா? உங்கப்பா காலத்துலேர்ந்து உங்க செட்டுதானே?" என்றார் தர்மகர்த்தா.

"ஏரியூர் மைக்செட்காரர வரச் சொல்லிட்டேன். இந்த வருசம் அவரு போடுவாரு."

"அவனா? உங்களுக்கும் அவனுக்கும் பேச்சே கெடையாதே!"

"இப்ப பேசியாச்சு."

"ஆத்தா கோவிச்சுக்கும்ங்க."

இவர் எதிரில் இருந்த வேப்பமரத்தைப் பார்த்தார். "ஆத்தாளுக்குக் காது நல்லா கேக்குதுங்க. அடுத்த வருசமும் கேக்கும். எனக்குத்தான் கேக்காது" என்றார். தர்மகர்த்தா காபி கொடுத்து அனுப்பினார்.

ஏரியூர்க்காரர் பெட்டிகளோடு வந்து இறங்கிய அன்று, கோயிலைச் சுற்றி எங்கே கட்டினால் சத்தம் எங்கே போகும், எந்தப் புளியமரம் அதை விழுங்கிவிடும் என்று இவரே நடந்து காட்டினார். ஏரியூர்க்காரர் என்னைத் தனியாக இழுத்து, "நெசமாவே குருவிக்குத்தான் போறாரா? ஆஸ்பத்திரிக்கு ஏதாச்சும் இல்லையே?" என்று கேட்டார். "குருவிக்குத்தாங்க" என்றேன். எனக்கே அப்போதுதான் போகப்போகிறோம் என்பது உறைத்தது.

இப்போது அவர் ஓசூரில் மகன் வீட்டோடு இருக்கிறார். செட்டை விற்றாயிற்று. நான் போனால் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொள்கிறார், மீதிக்குப் பேரன் எழுதிக் காட்டுகிறான். அந்தப் பயணத்தைப் பற்றி யார் கேட்டாலும் என்னைக் கைகாட்டிவிடுவார். அதனால் சொல்கிறேன்.

பெங்களூரு போய், பஸ் மாறி, மலை இறங்கி, மழையோடு மழையாகப் போய்ச் சேர்ந்தோம். அப்படி ஒரு மழையை நான் கண்டதில்லை. நம் ஊர் மழை வந்து பேசிவிட்டுப் போகும். இது வந்து உட்கார்ந்துகொண்டது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவது எனக்கே கேட்கவில்லை. அவர் மட்டும் சௌகரியமாக இருந்தார், "இப்ப நீயும் என்ன மாதிரிதான்" என்று. வந்ததிலிருந்து காலையும் மாலையும் ஓடைக்கரைக்குப் போவதும், காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டு திரும்புவதுமாக இருந்தோம். மழையைத் தவிர ஒன்றும் பாடவில்லை.

அப்படி ஒருநாள் காலையில் தோட்டக்காரர் வந்து, மேலே மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது என்றார். கடலோரமாகப் போகிற கீழ்ப்பாதை இன்னும் திறந்திருக்கிறது, மதியத்துக்குள் ஒரு பஸ் இருக்கிறது, அதை விட்டால் எப்போது என்று தெரியாது. நான் உடனே பையைக் கட்டிவிட்டேன். "பஸ்ஸுக்கு நேரம் இருக்குது, ஒருக்கா போயி உக்காந்துட்டு வந்துடலாம்" என்றார் அவர். மழை அப்போது தூறலாகியிருந்தது.

ஓடை நுரைத்துக்கொண்டு ஓடியது. அவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டு மணி பார்ப்பதும் மேலே மலையைப் பார்ப்பதுமாக இருந்தேன். அப்போதுதான் கேட்டது. எவனோ ஒருவன் வேலைவெட்டி இல்லாமல் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போவதுபோல ஒரு விசில். திரும்பிப் பார்த்தேன். அவருக்குக் கேட்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தினால் பறந்துவிடும். கையை நீட்டினேன். எதிர்ப் பாறை. கருப்பாக, தோளில் மட்டும் நீலமாக, வாலை விரித்து விரித்து மூடிக்கொண்டு நின்றது. அவர் பார்த்துவிட்டார். தலையைச் சாய்த்தார். ஒரு காது, அப்புறம் இன்னொரு காது. பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். திருவிழா மைதானத்தில் அவர் ஆம்ப்ளிஃபையரோடு இந்தக் கோடியில் இருப்பார், நான் கடைசி ஹாரனுக்குக் கீழே நிற்பேன். அங்கே எப்படிக் கேட்கிறது என்பதை நான் கையால்தான் சொல்ல வேண்டும். சத்தம் ஏறினால் கையை ஏற்றுவேன், இறங்கினால் இறக்குவேன், இரைந்தால் விரலை ஆட்டுவேன். எத்தனையோ ஊரில் செய்தது. ஈரப் பாறையில் நின்றுகொண்டு அதையே செய்தேன். குருவி மேலே போனபோது கையை மேலே கொண்டுபோனேன். அது இழுத்தபோது இழுத்தேன். ஒரு இடத்தில் அது சட்டென்று விட்டது, நானும் கையை அந்தரத்தில் விட்டேன். அவர் உதடு அசைந்தது. கண் என் கையிலும் பாறையிலுமாக மாறி மாறி ஓடியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மணி பார்க்கிற எண்ணம் எனக்கு வரவில்லை. அப்புறம் அது தாழப் பறந்து மூங்கிலுக்குள் போய்விட்டது.

கிட்டத்தில் போய், "கேட்டுச்சாண்ணா?" என்றேன்.

"கீழ எறங்கி வந்ததெல்லாம் கேட்டுச்சு. அதேதான்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீரோ என்னவோ. "மேல போனது கேக்கல. நீ காட்டினதுல தெரிஞ்சுக்கிட்டேன்."

தோட்டக்காரர் குடையோடு இறங்கி வந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஜீப்பை எடுக்கட்டுமா என்று என்னிடம் கேட்டார். கல்லில் உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து ரெயின்கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். "போலாம் தம்பி. பாதி கேட்டாச்சு. உனக்கு மலையப் பாத்தா பயமா இருக்கும்."

பயமாகத்தான் இருந்தது. மேலே எங்கோ ஒரு கல் உருளுகிற மாதிரி அப்போதும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் தோட்டக்காரரிடம், எனக்குத் தெரிந்த நாலு கன்னட வார்த்தையைக் கூட்டி, பஸ் போகட்டும், பாதை எப்போது திறக்கிறதோ அப்போது போகிறோம் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே மேடேறிப் போனார்.

"என்ன சொன்ன அவருகிட்ட?"

"போகலைன்னு சொல்லிட்டேண்ணா!" என்று அவர் காதுக்கருகில் குனிந்து கத்தினேன். "இன்னும் ரெண்டு நாள் இருந்து பாத்துடலாம்!"

அவர் மூங்கில் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு, கல்லில் ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்.

"உக்காரு. கத்தாத, அது திரும்ப வரணும்."